எந்த ஆண்டுக்குத் திரும்புவது?

பழைய தேவாலயத்துக்குள் நுழைகிறவர்களின் கண் முதலில் மேலே போகும். வளைவுகள், மரவேலை, வண்ணக் கண்ணாடி, அதில் விழும் வெயில். என் கண் கீழே போகும். தரையிலிருந்து இடுப்புயரம் வரை சுவர் எப்படி இருக்கிறது? பூச்சு விரலில் மாவாக ஒட்டுகிறதா, பெஞ்சுகளுக்குப் பின்னால் பெயின்ட் கொப்பளித்திருக்கிறதா, உப்பு பூத்திருக்கிறதா? இதைப் பார்த்து முடித்தால் செலவு மதிப்பீட்டில் பாதி மனசில் எழுதியாகிவிடும். கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பது அதற்கப்புறம்தான்.

சுண்ணாம்பு வேலை என் தொழில். படித்தது சிவில் இன்ஜினியரிங்; அங்கே சுண்ணாம்புக்கு ஒரு முழுப் பாடம்கூடக் கிடையாது. கற்றுக்கொண்டதெல்லாம் மேஸ்திரிகளிடம், அதிலும் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்து பெங்களூரிலேயே தலை நரைத்துப்போன ஒருவரிடம். வீடு மல்லேஸ்வரத்தில். பின்கட்டில் இரண்டு தொட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் போன வருஷம் நீற்றிய சுண்ணாம்பு, இன்னொன்றில் இந்த வருஷத்தது. 1898-இல் வந்த பிளேகுக்குப் பிறகு, பழைய நகரமான பேட்டையின் நெரிசலிலிருந்து விலகி, காற்றும் மரமுமாக வேகமாக வளர்ந்த பகுதி இது. அந்தத் தலைமுறை வீடுகள் இப்போது ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடிகளாகின்றன. இடிப்பு நடக்கும் வீட்டு வாசலில் நான் போய் நின்றால் கான்ட்ராக்டருக்கு விஷயம் தெரியும். தேக்கு உத்தரத்துக்கு வேறு வியாபாரிகள் இருக்கிறார்கள். எனக்கு வேண்டியது மொட்டைமாடித் தளத்திலிருந்து உதிரும் சின்ன, மெல்லிய செங்கற்கள். அவை ஆங்கிலேயர் படை தங்கிய கன்டோன்மென்ட் பக்கத்துத் தேவாலயக் கூரைகளுக்குப் போகும். இதில் பெருமைப்பட எதுவுமில்லை. வீடு எப்படியும் போகிறது, செங்கல்லாவது பிழைக்கட்டும்.

சில வருஷங்களுக்கு முன்பு அந்தப் பக்கத்துப் பழைய ஆங்கிலிக்கன் தேவாலயம் ஒன்றின் கமிட்டி என்னைக் கூப்பிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் படைக்காரர்களுக்காக எழுந்த கட்டடம். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மற்ற கோயில்களோடு இதுவும் சி.எஸ்.ஐ. ஆயிற்று. கர்னல்களும் அவர்கள் குடும்பமும் உட்கார்ந்த பெஞ்சுகளில் இன்று இருப்பது பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். அறுப்பின் பண்டிகையில் முருங்கைக்காய்க் கட்டையும் வீட்டில் செய்த கேக்கையும் ஏலம்விட்டுச் சேர்த்த பணத்தில்தான் பழுதுபார்க்க வேண்டும். கமிட்டியில் மூத்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர்.

"தம்பி, எங்களுக்குப் புதுசா ஒண்ணும் வேணாம். கட்டின அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே வேணும்," என்றார்.

நியாயமான ஆசைதான். ஆனால் கட்டின அன்று என்பது எந்த அன்று? இதை விளக்க நான் எப்போதும் செயின்ட் மார்க்ஸ் பேராலயத்தைத்தான் துணைக்கு அழைப்பேன். எம்.ஜி. ரோட்டின் மேற்கு முனையில், கப்பன் பூங்காவை ஒட்டி இருப்பது; பெங்களூர்க்காரர்கள் எல்லோரும் பார்த்தது. 1808-இல் தொடங்கி 1812-இல் கட்டி முடித்தார்கள். 1816-இல் கல்கத்தா பேராயர் பிரதிஷ்டை செய்தார். (இந்தியா முழுமைக்கும் அப்போது ஆங்கிலிக்கன் பேராயர் அவர் ஒருவர்தான், மதராஸுக்குத் தனிப் பேராயர் வந்தது 1835-இல்.) முதலில் எழுந்தது ஒரு சிறிய, எளிய கட்டடம். கன்டோன்மென்ட் பெருக, சபையும் பெருத்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிதாக்கும் வேலை ஆரம்பமாகி, 1906-இல் மறுபடியும் பிரதிஷ்டை நடந்தது. 1923-இல் தீ. எரிந்ததைத் திரும்பக் கட்டி 1927-இல் திறந்தார்கள். லண்டன் செயின்ட் பால்ஸை நினைவூட்டும் குவிமாடம் என்று இன்று கைகாட்டுகிறோமே, அந்தக் கட்டடம் இவ்வளவையும் கடந்து வந்தது.

200 வருஷத்துக் கோயில் என்று சொல்வதில் பொய்யில்லை. ஆனால் அதைக் கட்டின அன்றைக்குத் திருப்பு என்று யாராவது என்னிடம் சொன்னால் 1812-க்கா, 1906-க்கா, 1927-க்கா என்று கேட்க வேண்டியிருக்கும். 1812-க்குத் திருப்புவதென்றால் பேராலயத்தில் பெரும்பங்கை இடிக்க வேண்டும். தீயிலிருந்து அதை மீட்டவர்களின் உழைப்பு எந்த வகையில் குறைந்தது? அவர்களும் பழுதுபார்க்க வந்தவர்கள்தான், என்னைப் போல. அவர்கள் வேலையும் இப்போது அந்தக் கோயிலின் வரலாறு.

தலைமையாசிரியை அம்மா கேட்டுக்கொண்டார். "அப்போ நீங்க என்னதான் செய்வீங்க?" என்றார். தண்ணீரை வெளியே அனுப்புவேன் என்றேன். கமிட்டிக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை என்பது முகங்களில் தெரிந்தது.

இங்கிலாந்தில் இந்த வழக்கு 150 வருஷத்துக்கு முன்பே வெடித்தது. விக்டோரியா காலத்தில் அங்கே ஊர்க் கோயில்களை இடைக்காலத் தூய நிலைக்குத் திருப்புகிறோம் என்று ஓர் அலை கிளம்பியது. பின்னால் வந்த தலைமுறைகள் சேர்த்த ஜன்னல், பெஞ்சு, மாடம் எல்லாவற்றையும் பிடுங்கினார்கள். அந்தக் காலத்தில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்து புதுக் கல்லைச் செதுக்கி வைத்தார்கள். உட்சுவர்ப் பூச்சைக் கொத்தியெடுத்துக் கல்லைக் காட்டினார்கள். வில்லியம் மோரிஸ் கொதித்துப்போய் 1877-இல் பழங்கட்டடங்களைக் காப்பதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். சுரண்டலை எதிர்த்ததால் சுரண்டாதே சங்கம் என்றே அதற்குப் பட்டப்பெயர் விழுந்தது. கோயிலை இளமைக்குத் திருப்ப வேண்டாம், நாள்தோறும் கவனித்துக்கொண்டால் போதும், ஒட்டுப்போட்டால் ஒட்டு ஒட்டாகவே தெரியட்டும் என்பது அவர்கள் கட்சி. 1964-இல் வெனிஸ் நகரில் உலக நாடுகளின் வல்லுநர்கள் கூடி எழுதிய சாசனமும் ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்பு வேலை நின்றுவிட வேண்டும் என்றுதான் சொன்னது.

நம் ஊருக்கு அந்தச் சுரண்டல் மோகம் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. இந்திராநகர் காபிக் கடைகளில் செங்கல் தெரிய உரித்த சுவரைப் பார்த்துவிட்டு, கமிட்டியின் இளைஞர்கள் இருவர் கோயிலுக்கும் அந்த 'ஹெரிடேஜ் லுக்' வேண்டும் என்றார்கள். படம் எடுத்தால் நன்றாக இருக்கும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் சுண்ணாம்புப் பூச்சு அலங்காரத்துக்காகப் பூசியது இல்லை. வாசலில் கட்டித் தொங்கவிடும் திருஷ்டிப் பூசணி வீட்டுக்காகத் தான் அழுகுவதைப் போல, சுவருக்கு வர வேண்டிய மழையையும் உப்பையும் வெயிலையும் பூச்சு வாங்கிக்கொண்டு உதிர்கிறது. உதிர்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். பூச்சில்லாத செங்கல் உதிர ஆரம்பித்தால் பூசுவதற்கு என்ன மிஞ்சும்?

பெங்களூர்ப் பாறையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். லால்பாக் குன்றில் காலை நடைக்குப் போகிறவர்கள் மிதிக்கும் அந்தப் பாறைக்கு ஏறத்தாழ 300 கோடி வயது. அந்த ஜாதிக் கல்லை உடைத்துத்தான் இந்த ஊரின் அஸ்திவாரங்களும் பழைய சுவர்களும் எழுந்தன. இரும்பு மாதிரி கல். தண்ணீர் அதற்குள் அநேகமாகப் போகாது. அப்படியானால் சுவரில் ஏறிய ஈரம் எந்த வழியாக வெளியேறும்? கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் சுண்ணாம்புச் சந்து வழியாக மட்டும். பெங்களூர்க் கற்சுவரில் அந்தச் சந்துகள்தான் உயிர்நாடி. அதைத்தான் 1970, 80-களில் ஊர் முழுக்க சிமென்ட் வைத்து அடைத்தார்கள். நல்லெண்ணத்தில் செய்த வேலை. கல்லைச் சுற்றிக் கோடு கோடாகத் துருத்திக்கொண்டு நிற்கும் சிமென்ட் பட்டையைப் பார்த்தால் சுவர் பலமாக இருப்பது போலத் தோன்றும். உள்ளே பழைய சுண்ணாம்பு ஈரத்திலேயே ஊறிக் குழைந்துகொண்டிருக்கும். ஈரம் வேறு வழி தேடி மேலே ஏறும். எங்கே செங்கல்லும் பூச்சும் இருக்கிறதோ அங்கே வெளியேறும். வெளியேறும்போது தன்னோடு கரைத்துக் கொண்டுவந்த உப்பைப் பூச்சின் தோலுக்கு அடியில் விட்டுவிட்டு ஆவியாகும். உப்பு அங்கே படிகமாகப் பெருத்துப் பூச்சைத் தள்ளும். பெஞ்சுக்குப் பின்னால் கொப்பளிக்கிற பெயின்டின் கதை இதுதான்.

பழைய சுவர் மூச்சுவிடுகிறது என்று எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சு அவ்வளவாக ஒத்துவராது. சுவருக்கு நுரையீரல் இல்லை. அது நனைகிறது, காய்கிறது. நனைவதைவிட வேகமாகக் காய வழி இருந்தால் நூறு வருஷம் நிற்கும். கணக்கு அவ்வளவுதான்.

அந்தக் கோயிலில் காயும் வழியை அடைத்தவை மூன்று. சந்துகளில் சிமென்ட். உள்ளே வெளியே இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பெயின்ட். மூன்றாவதை யாரும் சந்தேகப்படவே இல்லை: வளாகம் முழுக்கச் சுவரை முட்டும்வரை பதித்திருந்த இன்டர்லாக் கற்கள். மண் தரையாக இருந்தபோது சுவரைச் சுற்றியிருந்த ஈரம் மண் வழியாகவே ஆவியாகிவிடும். கார் நிறுத்த வசதியாக இருக்கட்டும் என்று கல் பதித்து அடியில் கான்கிரீட்டும் போட்டபின் அந்த ஈரத்துக்குச் சுவரைத் தவிரப் போக்கிடம் இல்லை. போதாக்குறைக்கு வெளியே சாலையைத் தார் மேல் தாராகப் போட்டு உயர்த்திவிட்டார்கள். முன்பு படியேறி நுழைந்த கோயிலுக்குள் இப்போது ஏறக்குறைய சமதரையில் நடந்து போகலாம். மழைத் தண்ணீரும் அப்படியே நடந்து வருகிறது. பெங்களூரில் ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக மழை. அதில் பெரும்பங்கு ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள் கொட்டித் தீர்க்கும்.

ஆகவே எங்கள் முதல் வேலை கோயிலைத் தொடவே இல்லை. சுவரைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குக் கற்களைப் பெயர்த்தோம், கான்கிரீட்டை உடைத்தோம், பள்ளம் தோண்டி ஜல்லி நிரப்பினோம், தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓட வாட்டம் வைத்தோம். கார் நிறுத்தும் இடம் குறைந்துவிட்டது என்று ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு எனக்கு நல்ல அர்ச்சனை கிடைத்தது. ஏலப் பணத்தில் கணிசமான பங்கைச் செலவழித்து ஒரு பள்ளம் மட்டும் வெட்டியிருக்கிறான் இந்த ஆள் என்ற பேச்சும் காதில் விழுந்தது. ஆயர்தான் சமாளித்தார்.

அதற்குப் பிறகு சுவரைச் சும்மா விட்டோம். ஒரு கோடை முழுக்க. சிமென்டைச் சந்துகளிலிருந்து எடுப்பதில் அவசரமே கூடாது. மெஷின் வைத்து அறுத்தால் கல்லின் விளிம்பும் சேர்ந்து போகும்; சின்ன உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து எடுக்க வேண்டும். வராத இடத்தை விட்டுவிடுவதே மேல். உப்பு அதிகம் இருந்த பகுதிகளில் களிமண்ணும் காகிதக் கூழும் கலந்து பற்று போட்டோம். அது காயும்போது சுவரிலிருந்து உப்பை உறிஞ்சும்; உரித்தெறிந்துவிட்டு மறுபடி போட வேண்டும். இங்கிலாந்தின் வெல்ஸ் பேராலயத்தின் மேற்கு முகப்பில் நூற்றுக்கணக்கான இடைக்காலச் சிலைகள் சிதைந்துகொண்டிருந்தபோது ராபர்ட் பேக்கர் என்ற கைவினைஞர் 1970-களிலும் 80-களிலும் சுண்ணாம்பையே பற்றாகப் போட்டு அவற்றைக் காப்பாற்றினார். சிமென்டை உலகுக்குக் கொடுத்த இங்கிலாந்தில் சுண்ணாம்புக்குத் திரும்பும் வழக்கம் வலுப்பெற அந்த வேலையும் ஒரு காரணம். போர்ட்லாண்ட் சிமென்டுக்கு ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824-இல். செயின்ட் மார்க்ஸ் அதற்குள் கட்டி முடிந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

இனி சுண்ணாம்பு. 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் ஏறக்குறைய 900 டிகிரிக்குச் சுட்டால் 56 கிலோ மிஞ்சும். காணாமல் போன 44 கிலோவும் கரியமிலவாயு. சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும், சீறும், வெடித்து மாவாகப் பெருகும். பக்கத்தில் நின்றால் கண் போய்விடும். எங்கள் தொட்டி அருகே கண்ணாடி இல்லாமல் யாரையும் விடுவதில்லை. அப்புறம் அதைத் தண்ணீருக்கு அடியில் மாதக்கணக்கில் ஊற வைக்கிறோம். வெண்ணெய்ப் பதம் வர வேண்டும். மணலோடு அரைத்துச் சுவரில் ஏற்றியபின் சூளையில் விட்டுக்கொடுத்த கரியமிலவாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு அது மறுபடியும் கல்லாகிறது. இதற்குக் காற்று வேண்டும், கூடவே லேசான ஈரமும் வேண்டும். காய்ந்து போனாலும் நின்றுவிடும், ஊறிப்போனாலும் நின்றுவிடும். நனைத்த சாக்கைக் கட்டி, காலையும் மாலையும் தெளித்து, வெயில் மேல் படாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை நிறுத்த வேண்டும். இந்தக் கூலியைக் கமிட்டிகள் ஒப்புக்கொள்ள வைப்பதுதான் என் தொழிலிலேயே கடினமான வேலை.

கல்லானதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. மூலையில் ஒரு துண்டைப் பெயர்த்து, உடைத்த முகத்தில் பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால், இன்னும் மாறாத சுண்ணாம்பு ரோஜா நிறம் காட்டும். மாறிய பகுதி நிறமே காட்டாது. விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடும் உள்ளே ரோஜாவுமாக இருந்தால் பொறுக்க வேண்டும். ஆம்பூர் மேஸ்திரிக்கு இந்தப் பாட்டிலைக் கண்டால் சிரிப்பு வரும். கரணையின் பிடியால் பூச்சைத் தட்டிச் சத்தத்தைக் கேட்பார். "இன்னும் பச்சையா இருக்கு சார்" என்பார். தெளித்துப் பார்த்தால் ரோஜா நிறம் வரும். அவருக்கும் பாட்டிலுக்கும் கருத்து வேறுபட்டு நான் பார்த்ததில்லை.

பழைய கலவையைக் கண்டுபிடிக்கவும் வழி எளிதுதான். துண்டை நிறுத்து, நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைந்துபோகும், மணல் மிஞ்சும். மிஞ்சியதைச் சலித்தால் எந்தப் பருமனில் எவ்வளவு மணல் என்று தெரியும். சில சுவர்களில் செங்கல் தூளும் வரும். மதராஸ் கடற்கரையில் கிளிஞ்சல் கிடைத்தது, அதைச் சுட்டால் தும்பைப்பூ நிறத்தில் சுண்ணாம்பு. பெங்களூர் கடலிலிருந்து தூரம். இங்கே பூமிக் கல்லும் ஓடைச் சுண்ணாம்புக்கல்லும்தான். ஓடைக்கல்லில் களிமண் கலந்திருப்பதால் வெண்மை குறைவு. ஆனால் ஈரத்திலும் கொஞ்சம் இறுகும் குணம் அதற்கு உண்டு, அதனால் அஸ்திவாரத்துக்கு அது நல்லது. புதிய வேலைக்கு ஆன்லைனில் கிடைக்கும் வெள்ளை வெளேரென்ற பொடியை வாங்கிப் பூசிவிட்டு ஏன் பழைய சுவரோடு ஒட்டவில்லை என்று கேட்கிறவர்கள் முதலில் பழைய சுவரில் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும்.

கடுக்காய், வெல்லம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். கேட்காத கமிட்டி கிடையாது. இரண்டையும் ஊற வைத்துப் புளித்த நீரைக் கலவையில் சேர்ப்பது உண்மை. கலவை கரணைக்கு வழவழவென்று இணங்கும், சீக்கிரம் வெடிக்காது, தண்ணீரைச் சற்றுத் தள்ளும். ஆனால் முட்டை போட்டுக் கோயிலையே கட்டினார்கள் என்ற கதை மிகை. பழைய மதராஸ் குறிப்புகளில் முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் நெய்யும் வருவது கடைசி மெருகுப் பூச்சுக்கு. அதன் மேல் மாக்கல் பொடியைத் தூவி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு மாதிரி ஆக்குவார்கள். மதராஸுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் தூண்களைப் பளிங்கு என்றே நம்பி ஊருக்குக் கடிதம் எழுதினார்கள்.

சென்னைக்குப் போகும்போதெல்லாம் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தைப் பார்க்காமல் வர மாட்டேன். 1678-இல் ஆரம்பித்து 1680 அக்டோபர் 28-இல் பிரதிஷ்டையானது. சூயஸுக்குக் கிழக்கே இருப்பவற்றில் மிகப் பழைய ஆங்கிலிக்கன் கோயில். அதன் கூரை இரண்டடி கனத்துக்குச் செங்கல்லில் வளைத்த அரைவட்டம், சுவர் நாலடி. கதவு ஜன்னலைத் தவிர்த்து கட்டடத்தில் மரமே வைக்கவில்லை. பீரங்கிக் குண்டுக்குப் பயந்து செய்த ஏற்பாடு. ஆனால் அதனால் தீயும் கரையானும்கூட அதை நெருங்க முடியவில்லை. 1923-இல் செயின்ட் மார்க்ஸில் நடந்ததை அதோடு வைத்துப் பார்ப்பேன். செங்கல் எரியாது, சுண்ணாம்பு எரியாது, மரம் எரியும். அதற்காக எல்லாக் கோயிலும் வெடிமருந்துக் கிடங்கு மாதிரி இருக்க முடியுமா என்ன? மரக் கூரைக்கு இருக்கும் உயரமும் இலேசும் செங்கல் வளைவுக்கு வராது. செயின்ட் மேரீஸுக்குள் நின்றால் பாதுகாப்பாக இருக்கும், கொஞ்சம் அமுக்கமாகவும் இருக்கும்.

மதராஸ் பொறியாளர்களில் எனக்குப் பிடித்தவர் தாமஸ் ஃபியட் டி ஹாவிலாண்ட். 1815-இல் முடிந்த செயின்ட் ஜார்ஜ் பேராலயத்திலும், 1821-இல் திறந்த எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோயிலிலும் அவர் கை உண்டு. இரண்டாவதற்கு மண் இளகலாக இருந்ததால் நம் ஊர் வழக்கப்படி கிணறுகளை இறக்கி அதன் மேல் அஸ்திவாரம் போட்டார். அதற்கெல்லாம் முன்பு, 1808-இல், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தன் தோட்டத்திலேயே நூறடிக்கு மேல் அகலத்தில், உயரம் மிகக் குறைந்த ஒரு செங்கல் வளைவைக் கட்டி நிறுத்தினார். காவிரிக்கு இப்படிப் பாலம் போட முடியும் என்று காட்டத்தான். பாலம் வரவில்லை. வளைவு மட்டும் 1937 வரை நின்றது. வெறும் செங்கல்லும் சுண்ணாம்பும்.

நம் கோயிலின் துணி மாற்றும் அறைக்குக் கூரை மதராஸ் தளம். தேக்குச் சட்டங்களை இழுத்து வைத்து, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களை நெட்டுக்குத்தாக, சாய்கோணத்தில், அடியில் பலகை முட்டுக்கூட இல்லாமல் சுண்ணாம்பின் பிசினை மட்டும் நம்பி வரிசையாக ஒட்டிக்கொண்டு போவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடுக்காய் நீரைத் தெளித்துத் தெளித்து, கட்டை துள்ளும்வரை அடி. மேலே இரண்டு வரிசை தட்டோடு. இப்போது செங்கல் ஒட்ட ஆள் கிடைக்கிறது. அடிப்பதற்கு ஆள் கிடைப்பதில்லை. வைப்ரேட்டர் வைத்துப் பார்க்கலாமே என்று கேட்பார்கள். கலவை குலுங்கித் தண்ணீர் மேலே வருமே தவிர இறுகாது.

கல்வெட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. எம்.ஜி. ரோட்டின் மறுமுனையில், இப்போது மெட்ரோ நிலையத்துக்கே பெயர் கொடுத்திருக்கும் ஹோலி ட்ரினிட்டி கோயில் 1851-இல் மதராஸ் சாப்பர்கள் என்ற பொறியாளர் படை கட்டியது. 700 பேர் உட்காரலாம். (1834 முதல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தப் படைக்காரர்களுக்கு ராணுவத்தில் இன்றைக்கும் தம்பி என்றுதான் பெயர்.) அங்கும் மற்றப் படைக் கோயில்களிலும் சுவர் முழுக்கப் பளிங்கு நினைவுப் பலகைகள்: காய்ச்சலில் போனவர், போரில் போனவர், பிறந்த சில நாளில் போன குழந்தை. இந்தப் பலகைகளை ஈஸ்டருக்கு முன் பாத்ரூம் ஆசிட் போட்டுக் கழுவும் பழக்கம் ஊரெங்கும் உள்ள கோயில்களில் இருக்கிறது. பளிங்கும் சுண்ணாம்புக்கல்தான், ஆசிட் அதைத் தின்னும். ஒவ்வொரு கழுவலுக்கும் எழுத்து மழுங்கும். வெறும் தண்ணீர், மெல்லிய துணி, மிஞ்சிப்போனால் அமிலமோ காரமோ இல்லாத சோப்பு. பலகை சுவரில் வெடித்திருந்தால் பெரும்பாலும் பின்னால் இருக்கும் இரும்புக் கொக்கி துருப்பிடித்து வீங்கியிருக்கும். அதை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு வைக்க வேண்டும். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றுக்கும் இதே மாதிரி பொறுமை வேண்டும். பிடுங்கக் கூடாது. வெட்டி, வேரைச் சாகவிட்டு, அப்புறம்தான் சந்தைத் திறக்க வேண்டும். பிடுங்கினால் கன்றோடு பத்துச் செங்கல்லும் வரும்.

கடைசியில் நிறம். இதில்தான் கமிட்டி இரண்டாகப் பிரிந்தது. சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து, மெல்லிய கோட்டாக ஐந்தாறு தடவை அடித்து, ஒவ்வொன்றையும் காயவிட்டால் மட்டுமே சுவர் காயும் என்றேன். பெயின்ட் கம்பெனிக்காரர் ஏழு வருஷ உத்தரவாதம் தருகிறாரே, நீங்கள் எத்தனை வருஷம் தருவீர்கள் என்று கேட்டார் பொருளாளர். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அடிக்க வேண்டியிருக்கும் என்று உள்ளதைச் சொன்னேன். ஏழுக்கு எதிரே மூன்று எடுபடாது. விவாதம் நீண்டது. தலைமையாசிரியை அம்மா கேட்டார்: "அந்த ஏழு வருஷ பெயின்ட்டைத்தானே தம்பி போன தடவையும் அடிச்சோம்? கொப்பளிச்சது எத்தனாவது வருஷம்?" கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார்கள். அடித்த மறு மழைக்காலத்திலேயே ஒட்டுப்போட்ட செலவு எழுதியிருந்தது. வெள்ளையில் ஒரு சிட்டிகை நீலம் கலப்பதா வேண்டாமா என்பதில் மட்டும் இன்னும் இரண்டு கட்சி.

அந்த அம்மாவிடமே ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறேன். மழை பெய்த அன்று கோயிலைச் சுற்றி வந்து எங்கே ஒழுகியது, எங்கே ஓதம் தெரிந்தது என்று தேதி போட்டு எழுதுகிறார். ஆசிரியக் கையெழுத்து, சந்தேகம் வந்தால் பென்சிலில் கேள்விக்குறியும் இருக்கும். வடக்குச் சுவரில் ஈரக் கோடு போன அக்டோபரில் பெஞ்சின் உட்காரும் பலகைக்குக் கீழே இறங்கியிருக்கிறது. துணி மாற்றும் அறையின் கூரையில் தென்மேற்கு மூலை மட்டும் நோட்டில் நான்கு பக்கமாக வந்துகொண்டே இருக்கிறது. சட்டத்தின் முனை சுவருக்குள் உளுத்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸும் புத்தாண்டு ஆராதனையும் முடிந்து, ஜனவரி இரண்டாம் வாரத்தில் அந்த மூலையைத் திறக்கிறோம். ஏப்ரல் மழைக்கு முன்னால் தளம் அடித்து முடித்தாக வேண்டும். கட்டை பிடித்து அடிக்கத் தெரிந்த பெண்கள் வாணியம்பாடிப் பக்கம் சிலர் இருக்கிறார்கள் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார்; அடுத்த வாரம் போய்ப் பேச வேண்டும்.